மூன்று பேர் போதும்

மைசூர் ஹெப்பாளில் அறை எடுத்துத் தங்கி, பல்கலைக்கழக வளாகமான மானசகங்கோத்ரிக்குப் பஸ் ஏறும் உளவியல் மாணவர், பிளஸ் டூவோடு கணக்குக்குக் கும்பிடு போட்டவர். மனசைப் படிக்கப் போனால் அது பின்னால் வராது என்று நம்பியவரின் கையில், சீனியர் ஒருவர் ஹென்றி கேரட்டின் புள்ளியியல் நூலைத் திணித்துவிட்டுப் போகிறார். 1926இல் முதலில் வெளிவந்து, இந்திய உளவியல் துறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் நூல் அது. முதல் அத்தியாயம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், இரண்டாவதில் பாதிவரை பென்சில், அதற்கப்புறம் புத்தம் புதுசு. இவருக்குக் கணக்கு மூளை கிடையாது என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும்; நான் ஒப்பமாட்டேன். இன்னும் இரண்டு வகுப்புக்கு மட்டம் போட்டாலும் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்காது என்று பேப்பர் பேனா இல்லாமல் சொல்கிறவர் அவர். வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், தொழிற்பேட்டைக்கு நைட் ஷிஃப்ட் போகும் அறைத்தோழர் ஆகிய மூவரை வைத்து, "மைசூர்க்காரங்க எல்லாம் உள்ளுக்குள்ளயே அமுக்கிக்கிற டைப்" என்று டீ ஆறுவதற்குள் முடிவுகட்டிவிடுவார். மூவரில் ஒருவர் சேலத்துக்காரர் என்பது வேறு விஷயம்.

அவரிடம் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் பேரைப் பார்த்து எவ்வளவு தூரம் பேசலாம் என்ற கேள்விதான் அவரிடம் இல்லை. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட்டை உறுத்தியதும் அதுவே. சொற்ப மாதிரிகளை வைத்துப் பார்லியைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று யோசித்து, 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். டி-சோதனை அங்கிருந்து வந்தது. பாடநூல்களோ சூத்திரத்தை முன்னால் நிறுத்திவிட்டுக் கேள்வியை மறந்துவிடுகின்றன. மனசுக்கு எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மைசூரே பதில். இங்கே 1924இல் உளவியல் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலஸ்வாமி, தர ஒட்டுறவுக் கெழுவைத் தந்த ஸ்பியர்மனிடம் லண்டனில் பயின்றவர். அப்போது துணைவேந்தராக இருந்த பிரஜேந்திரநாத் சீல், அதற்கு முன்பே கல்கத்தாவில் மஹலனோபிஸைப் புள்ளியியல் பக்கம் இழுத்துவிட்டவர். இந்த ஊருக்கு உளவியல் வரும்போதே எண்ணையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது.

கையால் போட்டுப் பார்த்தால்தான் புரியும் என்பார்கள் ஆசிரியர்கள். பத்து எண்களுக்குச் சரி. ஆனால் பிரிவு இடைவெளி போட்டு, ஒரு சராசரியை ஊகித்து, விலகல்களைக் கூட்டும் குறுக்குவழியெல்லாம் கால்குலேட்டர் இல்லாத காலத்துக்காரர்கள் கை வலிக்காமல் இருக்கக் கண்டுபிடித்தது. பெரும்பாலும் அதை இன்று செய்பவருக்குக் கை வலிதான் மிச்சம். அப்படியானால் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமே? விட்டாகிவிட்டது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் நம் மாணவர் பட்டனைத் தட்டுகிறார், பி-மதிப்பு 0.05க்குக் கீழே இருந்தால் ஆய்வேடு முடிந்தது என்று அர்த்தம். வைவாவில் "0.06 வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் பதில் வரும்: "இன்னும் பத்துப் பேருக்கு ஃபாரம் குடுத்திருப்பேன் மேடம். கம்மியாகிற வரைக்கும்."