பி.எச். சார்

தனியார் எஃப்.எம். நிலையங்களில் புரோகிராமிங் ஹெட்டைச் சுருக்கமாக பி.எச். என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே தோளில் கைபோட்டு, "சார் மோரெல்லாம் வேணாம்ப்பா, இங்க எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ். பேரைச் சொல்லியே கூப்பிடு" என்பார். அதை நம்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஷிஃப்டில் சந்திக்கலாம். மற்றவர்களுக்கு அவர் சார்தான்.

சென்னை பி.எச்.சுக்கு ஒரு தனி மகிமை உண்டு. டி.வி.க்காரர்களுக்கு வாராவாரம் டி.ஆர்.பி. வந்து வயிற்றைக் கலக்கும். ரேடியோவுக்கும் ராம் என்றொரு கணக்கெடுப்பு 2007-ல் தொடங்கியது. ஆட்களைத் தேர்ந்தெடுத்து, கையில் டைரியைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்குவார்கள். அந்த டைரி தில்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தாவுக்குப் போனது; சென்னைக்கு வரவில்லை. ஆகவே சென்னையில் யார் எதை எப்போது கேட்கிறார்கள் என்பதை பி.எச்.சிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குத் தெரியும். 'லிஸனர்' என்று ஒருவர் அவரோடு நேரடித் தொடர்பில் இருக்கிறார்.

இந்த லிஸனரை வேறு யாரும் பார்த்ததில்லை. ஒரு மீட்டிங்கில் அவர் ஓ.எம்.ஆரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஐ.டி. பெண், அடுத்த மீட்டிங்கில் வியாசர்பாடி ஆட்டோக்காரர். "காலையில இளையராஜா போட்டா லிஸனர் தூங்கிடுவான்" என்று திங்கட்கிழமை உத்தரவு வரும். புதன்கிழமை, "ராஜா இல்லாம ஒரு காலையா? லிஸனர் செருப்பால அடிப்பான்" என்பார். விசாரித்தால், செவ்வாய்க்கிழமை அவருடைய மச்சினர் ஊரிலிருந்து வந்திருப்பார்.

லிஸனரைவிடப் பெரிய தெய்வம் ஒன்று உண்டு: கிளைன்ட். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் லிஸனர் ஸ்டேஷனை மாற்றிவிடுவான் என்று ஆர்.ஜே.யைக் காய்ச்சி எடுத்தவர், மனை விற்கும் கிளைன்ட் கேட்டால் தாம்பரத்திலிருந்து பதினைந்தே நிமிடம் என்பதை மணிக்கு நான்கு தடவை சொல்லவைப்பார். "இதுவும் லிஸனருக்கு ஒரு தகவல்தானே?" அந்தப் பதினைந்து நிமிடம் எந்த வாகனத்தில் என்று கேட்ட ஆர்.ஜே. இப்போது யூடியூப் சேனல் வைத்திருக்கிறார்.

அவர் தர்பார் நடத்தும் இடம் ஏர்செக். நிலையத்தில் லாக்கர் என்று ஒன்று இருக்கிறது. நகையெல்லாம் வைக்க முடியாது, ஒலிபரப்பான ஒவ்வொரு நொடியும் அதில் பதிவாகும். நாலு மணி நேர ஷோவில் பாட்டையும் விளம்பரத்தையும் வெட்டி எறிந்தால் ஆர்.ஜே. பேசியது இருபது நிமிடம் தேறலாம். அதை எதிரே உட்காரவைத்துப் போட்டுக்காட்டித் திருத்துவதுதான் ஏர்செக். ஒழுங்காகச் செய்தால் தொழில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. பி.எச். அதைக் கேபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வார். ஊசி விழுந்தால்கூட வெளியே கேட்காத அறைகள் அந்த ஆபீஸில் எத்தனையோ உண்டு. ஏர்செக்குக்கு மட்டும் அவை ஒத்துவராது.

"'வெளியில மழை வர்ற மாதிரி இருக்கு'ன்னு சொன்ன. சரி. 'மாதிரி'ல சிரிப்பு எங்க?"

"மழை சார்..."

"மழைன்னா? லிஸனர் பைக்ல நனைஞ்சுக்கிட்டுப் போறான். உன் சிரிப்புதாம்மா அவனுக்குக் குடை. சிரி."

அந்தப் பெண் சிரித்தாள்.

"வாயில இல்ல. குரல்ல."

குரலில் சிரிப்பு என்பது இவராகக் கண்டுபிடித்தது இல்லை; ரேடியோவில் முதல் பாடமே அதுதான். உதடு விரிந்தால் குரலும் மாறும், கேட்பவருக்கு அது தெரியும். பாடத்தை நடத்துகிற வாத்தியாரைப் பார்த்தால்தான் உதடு விரியாது.

ஏர்செக் வாரம் ஒருமுறைதான். அன்றாடத் தேவைக்கு டாக்பேக் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பொத்தானை அழுத்தினால், பேசுவது ஆர்.ஜே.யின் ஹெட்போனில் மட்டும் விழும். ஊர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டின் முன்னிசை ஓடும்போதே பேசி, பாடகர் வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் முடிப்பது ஆர்.ஜே.க்களின் வித்தை. பி.எச். அதைத் திட்டுவதில் சாதித்துக் காட்டினார். பாட்டு முடியப் பதினெட்டு நொடி இருக்கிறது என்றால், முந்தைய பேச்சில் செய்த தப்பு, போன மாதம் எடுத்த லீவு, நிச்சயதார்த்தம் ஆனதிலிருந்து குரல் போகிற போக்கு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பதினேழாவது நொடியில் "ஓகே, ஸ்மைல்" என்பார். சிவப்பு விளக்கு எரியும். "ஹேய் சென்னை!" என்று உள்ளேயிருந்து உற்சாகம் பீறிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக் ஃபேடரைத் தள்ளுவது எப்படி என்று எந்த மாஸ் கம்யூனிகேஷன் படிப்பிலும் சொல்லித்தருவதில்லை. அனுபவத்தில்தான் வரும்.

இத்தனைக்கும் அவர் ஒரு காலத்தில் அருமையான இரவு ஆர்.ஜே. பத்து மணிக்கு மேல் அவர் பேசினால் ஹாஸ்டல்களில் லைட்டை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். நன்றாகப் பேசினார் என்பதற்காகப் பதவி உயர்வு கொடுத்து, பேச முடியாத நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் இது வாடிக்கை. அதன்பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே மைக் டாக்பேக்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பழைய ஆர்.ஜே. வெளிப்பட்டார். கரன்ட் போய், செல்போன் டவர்களும் படுத்துவிட்ட நேரம். பேட்டரி ரேடியோ வைத்திருந்தவன் ராஜா. பி.எச். வீட்டுக்கே போகாமல் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார். பாட்டைத் தூக்கினார், விளம்பரத்தையும் தூக்கினார், கிளைன்டைக் கேட்காமல். முடிச்சூரில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், பால் பவுடர் எங்கே கிடைக்கும், யாருடைய அம்மா பத்திரமாக இருக்கிறார் என்று மணிக்கணக்காக அவரே பேசினார். அந்த நாட்களில் அவர் ஒருவரையும் திட்டியதாக நினைவில்லை. தண்ணீர் வடிந்ததும் கேபினுக்குத் திரும்பினார். "ஹெல்ப்லைன் நம்பர் சொல்றப்ப ஏன் உன் குரல் கம்மிச்சு?" என்று ஏர்செக் தொடங்கிற்று.

தனியார் எஃப்.எம்.மில் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அரசு அனுமதிப்பதில்லை; வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம். பி.எச்.சின் கேபினுக்கு மட்டும் மணிக்கொரு உள்ளூர்ச் செய்தி வந்துகொண்டிருந்தது. கேன்டீனில் யார் யாரோடு டீ குடித்தார்கள், போட்டி ஸ்டேஷனில் வாய்ஸ் டெஸ்ட்டுக்குப் போனது யார் என்பதெல்லாம் உடனுக்குடன். இது பொறுக்காமல் யாரோ பெயர் போடாமல் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் தட்டினார்கள். ஹெச்.ஆர். அதை யாருக்கு அனுப்பியது என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் மீட்டிங்குக்கு பி.எச். அதன் பிரிண்ட்அவுட்டோடு வந்தார்.

"யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியும். இந்த இடத்துல மூச்சு விடறதுக்குக் கமா போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன்." சிறிது நேரம் காகிதத்தையே பார்த்தார். "ஓப்பனிங் வீக். மேட்டர் நாலாவது வரியிலதான் வருது. அதுக்குள்ள லிஸனர் போயிடுவான்."

அக்டோபர் 10, உலக மனநல நாள். மன அழுத்தத்திலிருந்து விடுபடுவது எப்படி என்று பன்னிரண்டு மணி நேர நேரலைக்குத் திட்டமிட்டார். ஒரே ஆர்.ஜே. மாற்று ஆள் போட்டால் 'எமோஷனல் கனெக்ட்' அறுந்துவிடுமாம். அந்தப் பையன் மதியம் ஒரு டாக்டரைப் பேட்டி எடுக்கும்போது மைக்கை மூடிவிட்டுத் தன் கேள்விகள் சிலவற்றையும் கேட்டுக்கொண்டான்.

கடைசியில் ஒருநாள் பி.எச். வேறு நிலையத்துக்குப் போகிறார் என்று தெரிந்தது. வழக்கப்படி கேக், வழக்கப்படி எல்லாருடைய குரலையும் கோத்து ஒரு பிரியாவிடை ஆடியோ. சவுண்ட் இன்ஜினியர் ராத்திரி கண்விழித்து, பின்னணியில் வயலின் எல்லாம் போட்டு முடித்திருந்தார். பி.எச். கண்ணை மூடிக் கேட்டார். மூன்று நிமிடம் ஜாஸ்தி, ஒரு நிமிடத்துக்கு வெட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்னுது மட்டும் ரீடேக் போயிடு. 'உங்கள ரொம்ப மிஸ் பண்ணுவோம்'ல சிரிப்பு கொஞ்சம் ஜாஸ்தி."