மூன்று போட்டோஸ்டேட்

அம்பாங்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டிச் செயலாளர், எதற்கும் மூன்று போட்டோஸ்டேட். ஐசி, சூராட் பெரானாக், வீட்டுப் பத்திரம், தண்ணி பில் வரைக்கும் மும்மூன்று. ஒன்று பிஸ்கட் டின்னில், ஒன்று அலமாரியில், ஒன்று கிள்ளானில் தங்கச்சி வீட்டில். முக்கியமான தாள் என்றால் அதன்மேல் முத்திரைச் ‘சாப்’ குத்தி வாங்கியிருப்பார். சிரிக்க வேண்டாம். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு தோட்டத்திலேயே வாழ்ந்து முடித்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு காகிதம் இல்லாவிட்டால் மனுஷன் என்ன ஆவான் என்பது நம்மைவிட அவருக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர், மகள் கல்யாணப் படம், பத்து வருஷத் திருவிழாக் கணக்கு அத்தனையையும் ஒரே கணினியில் போட்டு வைத்திருந்தார். அது மிளகாய் அரைக்கிற மிக்ஸி மாதிரி சத்தம் போட ஆரம்பித்ததும் லோயாட் பிளாசாவுக்குப் போய் ஒரு டெராபைட் ஹார்ட்டிஸ்க் வாங்கி வந்தார். வந்ததும் முதல் வேலை, ரசீதை மூன்று போட்டோஸ்டேட் எடுத்தது. “இந்தத் தாளுல எழுத்து மங்கிரும் தம்பி” என்றார். அது உண்மைதான். ஹார்ட்டிஸ்க் பெட்டியை மட்டும் நாலு மாதம் பிரிக்கவில்லை. பேக்கப் எடுத்தாச்சா அண்ணே என்றால், “அதான் வாங்கியாச்சே!” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஹார்ட்டிஸ்கைச் செருகியதும் 931 ஜிபி என்று காட்டியது. “மிச்சம் 69 எங்க?” என்றார். செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, நடுவில் யாரும் திருடவில்லை என்றேன். பசாரில் மீன்காரன் தராசைப் பார்க்கிற அதே பார்வை என்மேல் விழுந்தது.

பேக்கப் எடுக்க விண்டோஸின் ‘ஃபைல் ஹிஸ்டரி’யைப் போட்டுவிட்டேன். முதல் தடவைதான் நேரமாகும், அப்புறம் மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சொன்னேன், கேட்கவில்லை. பால் பொங்குவதற்குக் காவல் நிற்பதுபோல் மூன்று மணி நேரம் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், “அப்போ இங்க உள்ளத அழிச்சிரலாம்ல? இடம் மிச்சமாகும்” என்றார். கை அதற்குள் மௌஸுக்குப் போய்விட்டது.

“அண்ணே, போட்டோஸ்டேட் எடுத்திட்டு ஐசியக் கிழிச்சுப் போடுவீங்களா?”

கை சட்டென்று மடிக்குத் திரும்பியது. அன்றைக்கு நான் நடத்திய பாடத்தில் மண்டையில் ஏறியது இது ஒன்றுதான்.

ஹார்ட்டிஸ்கைக் கணினித் தலையிலேயே, வயரோடு விட்டுவைக்கப் பார்த்தார். சாயங்காலமானால் அம்பாங் மலைப்பக்கம் இடிக்கிற இடி தெரியாதா? ஒரு மின்னல் வயர் வழியாக இறங்கினால் இரண்டும் ஒன்றாகப் போகும். 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் வந்தபோது, கணினியில் செருகியிருந்த டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டியது. கழற்றி வையுங்கள் என்றேன். பிஸ்கட் டின் வந்தது. இன்னொன்று வாங்கிக் கிள்ளானுக்கு அனுப்பிவிடலாம் என்று அவராகவே சொன்னார்; அந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டின்னை மூடப் போனவர் நிறுத்தி, ஹார்ட்டிஸ்கை மறுபடி கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல சாப் எங்க குத்துவாங்க?”