பாட்டு எப்போ வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு என் சகலை அந்தக் கேள்வியைக் கேட்டார். இன்று வியாழன். எனக்கு இன்னும் சோறு சரியாக இறங்கவில்லை.

அமெரிக்க ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனின் ‘காட்டன் டெயில்’ ஓடிக்கொண்டிருந்தது. 1940, மே 4ஆம் தேதிப் பதிவு. பென் வெப்ஸ்டர் தன் டெனர் சாக்ஸபோனோடு, பக்கத்து வீட்டுக்காரனிடம் நியாயம் கேட்கப் போகிறவர் வேட்டியை மடித்துக் கட்டுவது போல, வரிந்துகட்டிக்கொண்டு இறங்குகிற இடம். வழக்கப்படி என் ஆள்காட்டி விரல் மேலே போய்விட்டது. உங்கள் விரலும் போகும், எனக்குத் தெரியும். உங்களுக்கு அது இளையராஜாவின் இரண்டாவது இடையிசையாக இருக்கலாம், மதுரை சோமுவின் ஒரு பிருகாவாக இருக்கலாம். விரல் ஒன்றுதான். “இதோ… இதோ வருது பாருங்க…” என்றேன். சகலை மிக்சரில் ஒளிந்திருந்த முந்திரியைத் தோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “மியூசிக் நல்லாத்தான் இருக்கு. இதுல பாட்டு எப்போ வரும்?” என்றார்.

இந்தக் கேள்விக்கு நிஜமாகவே ஒரு பதில் இருக்கிறது என்பதுதான் கொடுமை. அதே மே 4 அன்று அதே குழு ‘நெவர் நோ லமென்ட்’ என்று இன்னொன்றையும் பதிவு செய்தது. அதிலும் வார்த்தை கிடையாது. 1942ல் பாப் ரஸல் என்பவர் அந்த மெட்டுக்கு வரிகள் எழுத, அது ‘டோன்ட் கெட் அரவுண்ட் மச் எனிமோர்’ ஆகி ஊரெல்லாம் பாடினார்கள். ஆகவே நான் சொல்லியிருக்க வேண்டியது: “வரும் சகலை. ரெண்டு வருஷம் ஆகும்.” அந்த நேரத்தில் தோன்றவில்லை. நல்ல பதில் எல்லாம் எனக்கு விருந்தாளி லிஃப்டில் இறங்கிய பிறகுதான் தோன்றும்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, மரியாதைக்காக, “நல்லதா ஒரு பத்து எழுதி வாட்ஸாப்புல போடுங்க சகலை, பொறுமையா கேக்கறேன்” என்றார். இப்படிச் சொல்கிறவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்வதில்லை. அவருக்கு அது ‘போய்ட்டு வரேன்’ மாதிரி ஒரு சொல். எனக்கு ஒரு வாரத் தூக்கம். அந்தப் பத்தைத்தான் இங்கே வரிசையாகத் தரப்போகிறேன்.

முதலாவது, ‘கோ-கோ’. இதில் விவாதமே இல்லை. 1940, மார்ச் 6, சிகாகோ. அந்தக் காலத்துப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொஞ்சம் சில்லறையும்தான் இடம். பதினைந்து பேர் அதற்குள் ஒரு புயலை உருட்டிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜோ நான்டன், செல்லப் பெயர் ட்ரிக்கி சாம், ட்ரம்போன் வாயை ஒரு ரப்பர் கிண்ணத்தால் பொத்திப் பொத்தி எடுத்து அதைப் பேச வைப்பார். என்ன கிண்ணம் என்று சகலை கேட்டார். கழுவு தொட்டியில் அடைப்பு எடுப்பார்களே, அந்த ரப்பர் கிண்ணம் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் முகத்தில் இருந்த பாவனை இசை சம்பந்தப்பட்டது இல்லை.

‘கோ-கோ’வில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு டேக் கிடைக்கின்றன. எதை அனுப்புவது? இரண்டையும் அனுப்பினால் பத்தில் இரண்டு போய்விடும். ஒன்றை அனுப்பினால் மற்றதற்குத் துரோகம். மகள் வாங்கி வைத்திருக்கும் பேசும் பெட்டியிடம் “கோ-கோ போடு” என்று கேட்டதற்கு அது ஒரு கோழிப் பாட்டைப் போட்டது. அந்தப் பெட்டிக்கும் சகலைக்கும் நல்ல பொருத்தம். அதில் உடனே பாட்டு வந்தது.

இரண்டாவதுக்குப் போகும் முன், நியூபோர்ட் ஜாஸ் விழாவில் எலிங்டன் குழு வாசித்ததைச் சொல்லிவிடுகிறேன். இது பட்டியலில் வராது, பதினான்கு நிமிஷம் ஓடும், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இதையும் போட்டேன். 1956, ஜூலை 7. நள்ளிரவு நெருங்குகிறது, கூட்டத்தில் சிலர் எழுந்து கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். எலிங்டனுக்கு மார்க்கெட் போய்விட்டது என்று ஊர் பேசிக்கொண்டிருந்த காலம். அவர் 1937ல் எழுதிய ‘டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ’வை எடுத்து, இரண்டு பகுதிக்கும் நடுவில் பால் கொன்சால்வெஸை அவிழ்த்துவிட்டார். கொன்சால்வெஸ் இருபத்தேழு கோரஸ் வாசித்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டு பார். ஆக 324 பார்.

என் வீட்டில் அது நடந்த விதம் இப்படி. மூன்றாவது கோரஸில் மிக்சர் தட்டில் கடலைப்பருப்பு மட்டும் மிஞ்சியது. ஐந்தாவதில் சகலை போனை எடுத்தார். ஆறாவதில், நான் பார்ப்பதைப் பார்த்து, போனைக் கவிழ்த்து வைத்தார். ஏழாவதில் நான் விரலைத் தூக்கினேன். ஒன்பதாவதில், “தட்டு கீறிப்போய் ஒரே இடத்துல சுத்துதோ?” என்றார். இது சிடி என்றேன். பதினொன்றாவதில், அங்கே மேடையோரம் பழைய பேஸி குழுவின் ட்ரம்மர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டி உசுப்பேற்றியதைச் சொல்லி, நானும் அன்றைய பேப்பரைச் சுருட்டித் தட்டிக் காட்டினேன். சகலை இன்னும் ராசிபலன் படிக்கவில்லையாம், வாங்கிக்கொண்டார். பதினான்காவதில், கறுப்பு உடை உடுத்திய ஒரு பெண் அங்கே எழுந்து ஆட, கூட்டமே நாற்காலி மேல் ஏறிய கதையைச் சொன்னேன். இங்கே என் மனைவி எழுந்து துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். பதினேழாவதில் சகலைக்கு இது தனி ஆவர்த்தனம் என்று புரிந்துவிட்டது. சபா பழக்கம். எழுந்தார். கேன்டீன் இல்லாததால் பாத்ரூம் போனார். இருபத்திரண்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கூட்டத்தின் கூச்சல், கொன்சால்வெஸ், எங்கள் ஃப்ளஷ் டேங்க், மூன்றும் ஒரே சுருதியில் சேர்ந்த அந்தக் கணத்தை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இருபத்தேழில் திரும்பி வந்து, ஈரக்கையைத் தட்டி, “பலே” என்றார்.

இதில் என் சொந்த எரிச்சல் ஒன்று உண்டு. அந்த இரவு கொன்சால்வெஸ் தவறான மைக்கில் வாசித்தார். ரெக்கார்டு கம்பெனியின் மைக்கை விட்டு வானொலிக்காரர்களின் மைக்கில். போதாக்குறைக்கு, கச்சேரியின் சில பகுதிகளைப் பிறகு ஸ்டுடியோவில் வாசிக்க வைத்து, மேலே கைதட்டலை ஒட்டி எல்பியாக விற்றார்கள். நான் அந்தக் கைதட்டலுக்குப் பல வருஷம் புல்லரித்திருக்கிறேன். 1999ல் வானொலிப் பதிவையும் சேர்த்து முழுக் கச்சேரியும் வந்தது. எல்பி, பழைய சிடி, புது சிடி: ஒரே ராத்திரிக்கு மூன்று டிக்கெட் வாங்கிய மனிதன் நான். புல்லரித்ததை யாராவது திருப்பித் தருவார்களா?

அசல் டிக்கெட் எங்கள் வீட்டுக்குத் தானாக வந்திருக்க வேண்டியது. 1963ல் அமெரிக்க வெளியுறவுத் துறை எலிங்டன் குழுவைக் கீழை நாடுகளுக்கு அனுப்பியபோது மதராசுக்கும் வந்தார்கள். அப்பா அப்போது மாம்பலத்தில்தான் இருந்தார். ஏன் போகவில்லை என்று ஒருமுறை சண்டைக்கே போனேன். “பேண்டு செட்டுக்கு எதுக்குடா டிக்கெட்டு? நம்ம தெருக் கல்யாணத்துலயே வாசிக்கறானே” என்றார். சகலை வெறும் கருவி. இது குடும்ப தோஷம்.

சரி, பட்டியல். இரண்டாவது ‘கான்செர்ட்டோ ஃபார் கூட்டி’ என்று திங்கட்கிழமை எழுதி, செவ்வாய்க்கிழமை அடித்து ‘ஜாக் த பேர்’ என்று மாற்றினேன். இருபத்து மூன்று வயதில் காசநோயில் போய்விட்ட ஜிம்மி பிளான்டனின் பாஸ் அதில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை. புதன்கிழமை இரவு மனைவி வந்து, தங்கை போனில் சொன்னதாக ஒன்று சொன்னாள். சகலைக்கு அன்றைக்கு ஒரே ஒரு உருப்படி மட்டும் ரொம்பப் பிடித்திருந்ததாம். காரில் போகும்போதெல்லாம் முனகிக்கொண்டே போனாராம். எது என்று கேட்டதற்கு, “அது சகலை காபி கலக்க உள்ளே போனப்போ ஓடினது. யாரும் பேசலை, நிம்மதியா இருந்தது” என்றாராம்.

நான் உள்ளே இருந்தது டிகாக்‌ஷன் இறங்கும் நேரம், ஏழெட்டு நிமிஷம். பெட்டி தன்னிஷ்டத்துக்கு எதையோ போட்டிருக்கிறது. எதைப் போட்டது என்று கேட்டால் கோழிப் பாட்டு வருகிறது. சகலையிடம் கெஞ்சி, முனகி அனுப்பச் சொன்னேன். ஒன்பது விநாடி வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. பின்னணியில் குக்கர் விசில். பதினோரு முறை கேட்டாகிவிட்டது. ஒரு பக்கம் கேட்டால் 1940 மாதிரி இருக்கிறது, இன்னொரு பக்கம் கேட்டால் ‘சாட்டின் டால்’ மாதிரி இருக்கிறது. ‘சாட்டின் டால்’தான் என்றால் இந்த மனிதரோடு எனக்கு இனிப் பேச்சுவார்த்தை கிடையாது. விசில் வருகிற இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம் இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் கண்டுபிடித்துவிடலாம். இதோ… இதோ வருது…