வந்துட்டேன் சார்: கேஸ் லைன் போடுவோரின் காலவழுவமைதி பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வின் தோற்றுவாய்

முனைவர் பட்ட ஆய்வில் தலைப்பை நெறியாளர் தருவார். ஆய்வாளரோ அதைத் தாமே தேர்ந்ததாக முன்னுரையில் எழுதிக்கொள்வார். இவ்வாய்வும் அந்த மரபில் வந்ததே. நெறியாளர் என் மனைவி. அவர் தந்த தலைப்பு: "ஏங்க, அந்த சிலிண்டர மொதல்ல கிச்சன விட்டு வெளில வைங்க."

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. சமையலறையைப் புதுப்பித்தபோது பழைய அடுப்பை எடுத்துவிட்டு, மேடையில் பதிக்கிற ஹாப் ஒன்றை வாங்கினோம். மேடைக்கு அடியில் சிலிண்டர் நின்ற இடத்தை இழுப்பறைகள் பிடித்துக்கொண்டன. ஆகவே சிலிண்டர் சர்வீஸ் பால்கனிக்குப் போக வேண்டும். அங்கிருந்து சுவரைத் துளைத்து அடுப்புவரை லைன் வர வேண்டும். தூரம் பதினோரு அடி. அதைக் கடக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. சர்க்கரை டப்பாவை நோக்கி எங்கள் வீட்டு எறும்புகள் இதே பதினோரு அடியை ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடுகின்றன.

இடைப்பட்ட நாள்களில் கையில் வேலையில்லை, அடுப்பில் தீயும் இல்லை. ஆராய்ச்சிக்கு இதைவிட உகந்த சூழல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

2. முன்னோர் செய்தவை

வீட்டுக்குள் எரிவாயுக் குழாய் போட்ட முன்னோடிகளில் தலையானவர் வில்லியம் மர்டாக். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ரெட்ருத் என்னும் ஊரில் இருந்த தம் வீட்டுக்கு அவர் 1792-இல் நிலக்கரி வாயுவால் விளக்கேற்றினார். மர்டாக் தாமே பொறியாளர் என்பதை இங்கே கருத வேண்டும். அவர் வெளியாளைக் கூப்பிட்டிருந்தால் அந்த ஆண்டு 1792-ஆக இருந்திராது.

பிளம்பர் என்னும் சொல் ஈயத்தைக் குறிக்கும் பிளம்பம் என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ரோமானியர் தண்ணீர்க் குழாய்களை ஈயத்தால் செய்தார்கள். ஈயத்தில் வேலை செய்தவர் பிளம்பர் ஆனார். ஈயம் கனமானது, எளிதில் நகராது. பெயர்ப் பொருத்தம் பற்றி இதற்குமேல் விரித்தால் அது ஆய்வு ஆகாது, புகார் ஆகிவிடும்.

3. கருதுகோள்

பிளம்பர் பொய் சொல்கிறார் என்பது உலகோர் கருத்து. அது இலக்கணம் அறியாதார் கூற்று என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்து வினையியலில் இதற்கு இடமிருக்கிறது. இனிமேல் நடக்கப்போவதையும் இப்போது நடந்துகொண்டிருப்பதையும், விரைவு கருதி, நடந்து முடிந்ததாகவே சொல்லலாம். உரையாசிரியர் காட்டும் உதாரணம் இன்னும் அழகு. வெளியே ஒருவன் காத்து நிற்கிறான், "இன்னும் சாப்பிடவில்லையா?" என்கிறான். உள்ளே இருப்பவன் இலையில் கையே வைக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டாயிற்று, புறப்பட்டாயிற்று என்கிறான். இதற்குக் காலவழுவமைதி என்று பெயர். வழுதான், ஆனால் அமைதி பெற்ற வழு, அதாவது புலவர்கள் மன்னித்துவிட்ட பிழை.

பின்னால் வந்த நன்னூல் சலுகையை இன்னும் அகலமாக்கிற்று. விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றாலும் காலம் மயங்கலாம் என்றது. நான்கு வாசல் வைத்துக் கட்டிய அந்த இலக்கணத்தில் பிளம்பர் நுழையாத வாசல் ஒன்றுமில்லை என்பதைக் கீழ்வரும் தரவுகள் காட்டும்.

4. தரவும் பகுப்பும்

என் கைபேசியில் மூன்று தகவலாளர்கள் பதிவாகியிருந்தார்கள்: "பிளம்பர்", "பிளம்பர் புதுசு", "பிளம்பர் இவர்தான்". மூன்றாவது எண்ணுக்கு அடித்தபோது முதலாமவரே எடுத்தார். எனவே தகவலாளர் இருவர் என்று கொள்க.

"வந்துட்டேன் சார்." பொருள்: படுக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். இது விரைவு பற்றிய மயக்கம். விரைவு யாருடையது என்றால், கேட்பவருடையது.

"வந்துட்டே இருக்கேன்." முந்தியதைவிடப் பின்தங்கிய நிலை. வந்துட்டேன் என்பவர் வந்தாலும் வரலாம். வந்துட்டே இருப்பவருக்கோ வந்து சேரும் கட்டாயம் எதுவும் இல்லை. நிகழ்காலம் முடிவற்றது.

"கத்திப்பாரா தாண்டிட்டேன்." இதைச் சொல்லும்போது பின்னணியில் குக்கர் மூன்று விசில் அடித்தது, ஒரு பெண்குரல் "சட்னி வேணுமா வேணாமா" என்றது. கத்திப்பாரா மேம்பாலத்தின் மேல் இவ்வசதிகள் இருப்பதாக நெடுஞ்சாலைத் துறை அறிவித்ததில்லை.

"ஆள் கெடச்சாச்சு சார், சுவர் ஓட்ட போட." கிடைத்தாலும் கிடைப்பார் என்பதைக் கிடைத்தார் என்றது. மிகுதி.

"முடிஞ்சிடுச்சு சார், அரை மணி நேர வேலை." வேலை தொடங்கவே இல்லை. இது தெளிவின்பாற்படும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை பெய்தது என்று சொல்லலாம் என இலக்கண வகுப்பில் கற்பிப்பார்கள். எறும்பு முட்டையோடு வந்தால் மழை நிச்சயம். பிளம்பர் அட்வான்ஸோடு போனால் என்ன நிச்சயம் என்பது மேலாய்வுக்குரியது.

"இதெல்லாம் நாங்க டெய்லி பண்றதுதான்." இயல்பு.

5. நீர்க்கொள்கை

ஏழாம் நாள் முதல் தகவலாளர் நேரில் தோன்றினார். தண்ணீர் வேலையில் கைதேர்ந்தவர். எங்கள் அடுக்ககத்தில் பாதிக் குளியலறைகள் அவர் போட்டவை. பால்கனியையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சிபிவிசி பைப்புல இழுத்துடலாம் சார். சுடுதண்ணியே தாங்குது, காத்து தாங்காதா?"

இக்கொள்கையை மறுக்குமுன் அதன் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மொட்டைமாடித் தொட்டி குழாயிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தோடு வருகிறது. சமையல் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தாண்டி வருகிற கேஸின் அழுத்தம் அதே பரப்புக்கு வெறும் 30 கிராம். பள்ளிப் பிள்ளையின் ஓரடி ஸ்கேல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் என்ன அழுத்தமோ அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் கிலோவோடு மல்லுக்கட்டியவர் கிராமைக் கண்டு எப்படி அஞ்சுவார்?

பிழை அழுத்தத்தில் இல்லை, கசிவில் இருக்கிறது. தண்ணீர் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சொல்வார். தமிழ்நாட்டின் தண்ணீர் வேலை முழுவதும் கீழ்வீட்டுக்காரர் என்னும் கருவியை நம்பித்தான் நடக்கிறது. கேஸ் விஷயத்தில் அவர் பயன்பட மாட்டார். புரொபேனும் பியூட்டேனும் கலந்த அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. நாம் முகர்கிற நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளுடையது. கசிவு தெரியட்டும் என்றே கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் கசிந்த கேஸ் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

"லீக் இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"தீக்குச்சி கொளுத்திக் காட்டினா தெரிஞ்சிடும் சார்."

இம்முறையில் முடிவு உடனே கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. அதை எழுதிவைக்க ஆய்வாளர் கிடைப்பாரா என்பதே ஐயம். அப்போது புறத்தேர்வாளராக ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "தம்பி, அடுப்பப் பத்தவெச்சுப் பாக்கறது வேற, வீட்டப் பத்தவெச்சுப் பாக்கறது வேற."

பெட்ரோல் காசாக 300 ரூபாயும் ஒரு டம்ளர் மோரும் தந்து நீர்க்கொள்கையை வழியனுப்பினோம்.

6. மாற்று யோசனை ஒன்றும் அதன் மறுப்பும்

ரெகுலேட்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு நிற ரப்பர் டியூபையே பதினோரு அடிக்கு நீட்டினால் என்ன? இந்த யோசனை என்னுடையது. ஆகவே சிறந்தது என்றே எண்ணியிருந்தேன். சிலிண்டர் போடுபவர் சிரித்தார். உள்ளே எஃகுக் கம்பி வலை வைத்த அந்த டியூப் ஒன்றரை மீட்டருக்குமேல் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுவருக்குள் நுழைக்கவே கூடாது. சுவருக்குள் இருந்தால் எலி கடித்ததா, வெடிப்பு விட்டதா என்று யார் பார்ப்பது?

"உங்களுக்குத் தேவை பிளம்பர் இல்ல சார், கேஸ் மெக்கானிக்" என்று சொல்லி ஓர் எண் தந்தார். பதினோரு நாள் தரவையும் இந்த ஒரு வாக்கியம் பழசாக்கிவிட்டது. நெறியாளரிடம் சொன்னேன். "இத நான் மொத நாளே சொன்னேன்" என்றார். நெறியாளர்கள் அப்படித்தான்.

7. மூன்றாம் தகவலாளர்

மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். காலவழுவமைதியில் அவர் முந்தியவருக்குச் சளைத்தவரல்லர். "வந்துட்டேன் சார்" என்று காலை ஒன்பது மணிக்குச் சொல்லி, மறுநாள் மதியம் இரண்டரைக்கு வந்தார். கருதுகோள் உறுதிப்பட்ட மகிழ்ச்சியில் குறிப்பேட்டைத் திறந்தேன்.

அவரோ வந்ததும் அடுப்பைப் பார்க்கவில்லை, பால்கனித் தரையைப் பார்த்தார். மூலையில் தண்ணீர் போகிற ஓட்டை. "சிலிண்டர் இதுக்குப் பக்கத்துல வேணாம் சார். லீக்கானா கேஸ் எறங்கி இதுல போயி உக்காந்துக்கும்." வாஷிங் மெஷின் பிளக்கையும் சற்றுத் தள்ளி மாற்றச் சொன்னார். பிறகே சுருளாக இருந்த காப்பர் பைப்பை எடுத்தார். சுவரில் துளை போட்டு, அதில் ஒரு பிவிசி துண்டைச் செருகி, அதற்குள் காப்பர் பைப்பை விட்டார். சுவருக்குள் ஒரு ஜாயின்ட்கூட இல்லை. "மறைஞ்சிருக்கற எடத்துல ஜாயின்ட் போட்டா நமக்கே தெரியாது" என்றார். சிலிண்டர் பக்கம் ஒரு வால்வு, அடுப்புப் பக்கம் ஒரு வால்வு. பைப்பைச் சுவருக்குள் புதைத்துவிட்டால் அழகாக இருக்குமே என்று நெறியாளர் ஒரு கேள்வி எழுப்பினார். "அழகா இருக்கும்மா. ஆணி அடிக்கறவனுக்கும் தெரியாது" என்றார் அவர். நெறியாளர் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டதை நான் கண்டது அதுவே முதல் முறை.

நாளை எங்கள் தெருவுக்குக் குழாய் வழி இயற்கை எரிவாயு வந்தால் இதெல்லாம் வீணா என்று கேட்டேன். எண்ணூரில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்ததிலிருந்து அந்த நம்பிக்கை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஓர் அங்கமாகிவிட்டது. அதற்கும் விடை வைத்திருந்தார். அது மீத்தேன், காற்றைவிட லேசு, கீழே படுக்காது, மேலே ஏறும், ஆகவே காற்றோட்டம் மேலே வேண்டும். அதே கன அளவில் சிலிண்டர் கேஸ் தருகிற சூட்டில் பாதிகூட அது தராது. ஆகவே பர்னரின் ஜெட்டைப் பெரிய துளையுள்ளதாக மாற்ற வேண்டும். பைப்பையும் அவர்களே சோதித்துப் பார்த்துத்தான் ஏற்பார்கள்.

8. கருதுகோள் வீழ்ந்த இடம்

மாலை ஐந்தே கால். லைன் அடுப்பைத் தொட்டுவிட்டது. அடுப்புத் திருகுகளை மூடி, சிலிண்டரைத் திறந்தார். பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கிண்ணத்தில் நுரைக்கக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு ஜாயின்டிலும் தடவிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"முடிஞ்சதா?" என்றேன். பத்தொன்பது நாள் தரவின்படி விடை "முடிஞ்சிடுச்சு சார்" என்பதே. குறிப்பேட்டில் அதை முன்கூட்டியே எழுதியும் விட்டேன். தெளிவு பற்றிய காலவழுவமைதியை நானும் கற்றிருந்தேன் அல்லவா?

"இல்ல சார். பாத்துட்டிருக்கேன்."

உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லும் செயலும் ஒரே காலத்தில் நின்ற முதல் வாக்கியம் அது. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அடுப்புப் பக்கத்து வால்வின் விளிம்பில் கடுகளவு நுரை ஒன்று மெல்ல உப்பி, உடைந்து, மறுபடி உப்பிற்று. அவர் சிலிண்டரை மூடினார், ஜாயின்டைக் கழற்றினார், துடைத்து மறுபடி முறுக்கினார், சோப்பு தடவினார், மறுபடியும் குந்தினார். நான் எழுதியதை அடித்தேன்.

இதுவரை வந்த முடிவைத் திருத்த வேண்டியிருக்கிறது. காலவழுவமைதி பிளம்பரின் பழக்கம் அன்று, தேர்வு. காத்திருப்பவனிடம் காலத்தை மயக்கலாம். அதனால் கெடுவது காத்திருப்பவனின் பொறுமை மட்டும். புலவர்களும் விரைவுக்குத்தான் விலக்குத் தந்தார்கள். நுரையிடம் அந்தச் சலுகை செல்லாது. எங்கே மயங்கலாம், எங்கே கூடாது என்று அறிந்தவரே அத்தொழிலில் தேர்ந்தவர். தீக்குச்சி கொளுத்தச் சொன்னவர் எல்லா இடத்திலும் மயங்கினார், அவ்வளவுதான் வேறுபாடு.

இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவருடைய கைபேசி அடித்தது. ஜாயின்டிலிருந்து கண்ணை எடுக்காமலே காதுக்கும் தோளுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டார்.

"வந்துட்டேன் சார்" என்றார். "உங்க வீட்டுக்குக் கீழதான் வண்டிய நிறுத்தறேன்."