வாலதிகாரம்

தொல்காப்பியர் எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் அதிகாரம் வகுத்தார், வாலுக்கு வகுக்கவில்லை. மடிக்கணினியில் செருகும் வால் அவர் காலத்தில் புழக்கத்துக்கு வரவில்லை என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடுபட்ட நான்காம் அதிகாரத்தைத் சிங்கப்பூரின் தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோடு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசையில், 11 இரவுகள் கண்விழித்து இக்கட்டுரையாளர் இயற்றியிருக்கிறார். மேசையைக் காலிசெய்யச் சொல்லி வீட்டார் விடுத்த கோரிக்கைகள் பின்னிணைப்பில் சேர்க்கப்படவில்லை.

வால் என்பது யாதோ எனின், ஒரு முனையில் யூஎஸ்பி செருகி, மறுமுனையில் ஹெட்ஃபோனுக்கான 3.5 மில்லிமீட்டர் துளை, இடையில் விரல் நீள ஒயர், உள்ளே எண்களை மின்னலையாக மாற்றும் ஒரு சில்லு. கடைக்காரர் இதை டாங்கிள் என்பார். ஒலிப்பித்தர் டேக் என்பார். மேசைமேல் கிடந்ததைப் பார்த்து என் மாமியார் ‘பல்லி வால்’ என்றார். மூத்தோர் வழக்கே வழக்கு என்பதால் இங்கு வால் என்றே ஆளப்படும். 2016இல் ஐஃபோன் 7 ஹெட்ஃபோன் துளையை அடைத்துவிட்டு வந்த பிறகு வால் இல்லாத வீடு குறைவு.

சிங்கப்பூருக்கும் வாலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர் வரலாறு அறியாதவர். 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம்தான் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்து, அதுவரை பெரும்பாலும் ‘பீப்’ என்று மட்டும் பேசத் தெரிந்த உலகக் கணினிகளுக்கு வாய் கொடுத்தது. 1992இல் நாஸ்டாக் சந்தையில் இடம்பிடித்த முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுவே. சிம் 2023 ஜனவரியில் காலமானார். அவர் தொடங்கிய இடத்துக்கும் என் மேசைக்கும் இடையே, வடகிழக்குப் பாதையில் சைனாடவுனிலிருந்து எண்ணினால், மூன்றே நிறுத்தம். ஆய்வுக்கு இதைவிடத் தகுந்த தலம் வேறில்லை.

அந்தக் காலத்து அட்டைக்கு ஒரு சங்கடம் இருந்தது. கணினிப் பெட்டிக்குள் விசிறி, வட்டு, மின்வழங்கி என்று எல்லோரோடும் ஒண்டுக் குடித்தனம். அண்டை வீட்டுச் சண்டை முழுக்கக் காதில் விழும். சரி, ஒலியைப் பெட்டிக்கு வெளியே குடிவைப்போம் என்று யூஎஸ்பி மாற்றிகள் வந்தன. ஒலி வெளியே வந்தது. இரைச்சலும் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது.

இனி கோட்பாடு. மடிக்கணினி நிலைமொழி. ஹெட்ஃபோன் வருமொழி. வால் சாரியை. மரம் என்பதோடு ஐ உருபு சேரும்போது நடுவில் ‘அத்து’ வந்து மரத்தை என்றாகிறதே, அதுபோலத் தனக்கென்று ஒரு பொருள் இல்லாமல் இரண்டைச் சேர்த்துவைப்பதற்காகவே பிறந்தது வால். எதுவும் மாறாமல் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. விளம்பரங்களில் மட்டும் காணப்படுவது. மாறிச் சேர்ந்தால் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்றார் நன்னூலார். இல்லாத ஒலி முளைத்தால் தோன்றல்; இருக்கும் ஒலி வேறாக ஒலித்தால் திரிதல்; வரவேண்டிய ஒலி வராமல் போனால் கெடுதல். வால் பற்றி உலகெங்கும் எழும் புகார்கள் அத்தனையும் இம்மூன்றில் அடங்கும். பவணந்தி முனிவரைத் தொழில்நுட்ப உதவி மையத்தில் உட்காரவைக்காதது நம் குறை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விகாரம் என்பது சொல்லின் குற்றமல்ல. சேரும் இடத்தில் நடப்பது. ‘மரம்’ பழுதான சொல் என்று யாரும் கடையில் திருப்பிக் கொடுப்பதில்லை. வாலை மட்டும் கொடுக்கிறார்கள். நானே இரண்டு முறை கொடுத்தேன். மூன்றாவது வாலும் அதே சுருதியில் உறுமியபோதுதான் இந்த ஆய்வு பிறந்தது.

முதலில் ஒரு தவறான கருதுகோளை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். சில நிமிடங்களுக்கொரு முறை பாட்டு ‘டிக்’ என்று அறுந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு. அதன் அடியில் வடகிழக்குப் பாதை. அங்கு ரயில்கள் தலைக்கு மேலுள்ள கம்பியில் 1500 வோல்ட் நேர்மின்சாரம் வாங்கி ஓடுகின்றன. இவ்வளவு பெரிய மின்சாரம் கீழே போனால் மேலே என் பாட்டு அறுபடாதா? நோட்டுப் புத்தகத்தோடு நான்கு இரவு உட்கார்ந்து நேரம் குறித்தேன். கடைசி ரயில் போன பிறகும், பின்னிரவு இரண்டு மணிக்கும், டிக் வந்தது. பெருவிரைவு ரயில் இவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது.

இந்தக் கட்டத்தில் அடுத்த வீட்டுப் பெரியவர், கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், மின்தூக்கியில் என்னைப் பார்த்து, “தம்பி, சார்ஜரப் பிடுங்கிட்டுக் கேட்டுப் பாத்தியா?” என்றார்.

“அங்கிள், நான் இன்னும் முறையியல் பகுதியிலதான் இருக்கேன்” என்றேன்.

முதல் விகாரம், தோன்றல். என் அமைப்பில் வாலுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே மாமனார் விட்டுச்சென்ற ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. இரண்டாம் சாரியை என்க. அதற்குத் தனியாக ஒரு மூன்று முனைப் பிளக். மடிக்கணினி சார்ஜருக்கும் ஒரு மூன்று முனைப் பிளக். இங்கே ஒரு துணைக் கண்டுபிடிப்பு. சிங்கப்பூர்ச் சுவர்த்துளையை உற்றுப் பாருங்கள்: மேலே ஒன்று, கீழே இரண்டு. ஆய்த எழுத்து! முப்பாற்புள்ளி என்று இலக்கணிகள் சொன்ன அதே வடிவம் வீவக வீடுகளின் ஒவ்வொரு சுவரிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கீழ்ப்புள்ளிகள் இரண்டுக்கும் இடையே 230 வோல்ட். மேல்புள்ளி மண்ணுக்குப் போவது. கணினி ஒரு வழியாக மண்ணைத் தொட, ஆம்ப்ளிஃபயர் இன்னொரு வழியாக மண்ணைத் தொட, இரண்டையும் வாலின் ஒயர் இணைக்க, ஒரு வட்டம் பூர்த்தியாகிறது. அந்த வட்டத்தில் சுற்றும் கசிவு மின்சாரம்தான் அந்த ‘ம்ம்ம்’. ஊரின் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிப்பதால் உறுமலும் 50இலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். மகரத்தைக் கால் மாத்திரையாகக் குறுக்கத் தெரிந்த மொழி நம்முடையது. இந்த மகரமோ சார்ஜர் இருக்கும்வரை குறுகுவதில்லை.

எல்லா மேல்முனையும் மண்ணைத் தொடுவதில்லை என்பதும் அறியத்தக்கது. சில சார்ஜர்களில் அது வெறும் பிளாஸ்டிக். துளையின் உள்மூடியைத் திறந்துவிடும் வாயிற்காப்போன் வேலை மட்டும் பார்க்கிறது. போலி ஆய்தம் எனலாம்.

தோன்றலின் இன்னொரு கிளை, கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய கீச்சு. யூஎஸ்பியின் ‘முழு வேகம்’ என்று பெயர் பெற்ற பழைய வேகத்தில் கணினி நொடிக்குச் சரியாக 1000 முறை வாலைத் தட்டி எழுப்புகிறது. ஒவ்வொரு தட்டலிலும் 5 வோல்ட் கம்பி ஒரு நடுக்கம் காண, அது காதில் 1000 ஹெர்ட்ஸ் சுரமாக விழுகிறது. பியானோவின் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராத, இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரம். இசை தெரிந்தவர்களுக்கு இதனால் கூடுதல் வேதனை. சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் ‘ஜிர்’ என்றால் அதுவும் அதே மின்கம்பி வழியாக வருவதே. என் விஷயத்தில் வால் செருகியிருந்த யூஎஸ்பி ஹப்பிலேயே ஒரு மேசை விசிறியும் குடியிருந்தது. விசிறியின் வேகத்தைக் கூட்டினால் கீச்சும் சுருதி ஏறியது. இந்த ஊர் வெக்கையில் விசிறியா பாட்டா என்பது எளிய கேள்வியல்ல.

வழக்கொழிந்த ஒரு தோன்றலையும் நினைவுகூர வேண்டும். கைப்பேசி ஒலிக்கப்போகும் முன்பே ஒலிபெருக்கியில் ‘டிட்டிட் டிட்டிட்’ என்று வருமே, அது 2ஜி அலையின் 217 ஹெர்ட்ஸ் துடிப்பு. 2017 ஏப்ரலில் சிங்கப்பூரில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டது; அந்த ஒலியும் மறைந்தது. அழைப்பை முன்னறிவித்த ஒரே இரைச்சல் அது. மற்றவை எதையும் முன்னறிவிப்பதில்லை.

இரண்டாவது, திரிதல். ஹெட்ஃபோனைச் செருகுகிறோம், வயலின் கேட்கிறது, தபலா கேட்கிறது, பாடகரைக் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருக்கிறது. காரணம், மைக் உள்ள ஹெட்ஃபோனின் நான்கு வளையச் செருகியில் மைக்கும் பொதுக்கம்பியும் இருக்க வேண்டிய வளையங்கள் இரு மரபில் இடம் மாறியிருக்கின்றன. மரபு பிறழ்ந்தாலோ செருகி அரைகுறையாக நின்றாலோ பொதுக்கம்பி அறுபட்டு, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் மிஞ்சும். நடுவில் நிற்கும் பாடகர் இரு பக்கமும் சமமாக இருப்பதால் கழித்தலில் பூஜ்யமாகிவிடுகிறார். பழைய ஒற்றைத்தட ஒலிப்பதிவுகளில் மொத்தக் கச்சேரியே போய்விடும். செருகியை ஒரு மயிரிழை வெளியே இழுத்துப் பாருங்கள். பாடகர் திரும்பிவிட்டால் கோளாறு இதுதான்.

மூன்றாவதும் கொடியதும் கெடுதல். கோப்பு ஒன்றை வட்டுக்கு அனுப்பினால் கணினி சரிபார்த்து, பழுதென்றால் மறுபடி அனுப்பும். ஒலிக்கு அந்தச் சலுகை கிடையாது. கல்யாணப் பந்தியில் பாயச வாளி வரிசையோடு போவதைப் போன்றது அது. வரும்போது இலையில் இடமிருந்தால் உண்டு. நீங்கள் பக்கத்து இலைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தால் வாளி போய்விட்டது, திரும்பாது. குறுந்தட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள் வேண்டும், தட்டல்களோ 1000. ஆகவே ஒன்பது தட்டலுக்கு 44 மாதிரி வீதம் கொடுத்துவிட்டு, பத்தாவதில் 45. அந்த ஒன்று கொசுறு. ஈரச்சந்தையில் கறிவேப்பிலை தருவது போலவே, ஒழுங்காகத் தரப்படுகிறது.

ஒரு தட்டலின் சரக்கு தவறினால் இழப்பு ஆயிரத்திலொரு நொடி. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் பொழுது; அதைத் தாராளமாகக் கால் நொடி என்று கொண்டால், ஒரு மாத்திரைக்குள் 250 தட்டல். மாத்திரையில் 250இல் ஒரு பங்குக்குத் தொல்காப்பியம் பெயர் வைக்கவில்லை. காதோ அதை ‘டிக்’ என்று துல்லியமாகப் பிடித்துவிடுகிறது. காதின் இந்தக் கண்டிப்பு வீட்டார் கூப்பிடும்போது மட்டும் செயல்படுவதில்லை என்பது என் மனைவியின் இடைச்செருகல்.

டிக் ஒரே சீரான இடைவெளியில் வந்தால் தாளப் பிணக்கைச் சந்தேகிக்கலாம். கணினிக்கொரு கடிகாரம், வாலுக்கொரு கடிகாரம். நல்ல வால்களில் தாளம் போடுவது வால்தான். கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வது கேட்கப்படாவிட்டால் இடையகம் என்னும் சேமிப்புத் தொட்டி வற்றும் அல்லது வழியும். தாறுமாறாக வந்தால் பெரும்பாலும் கணினிக்கு வேறு வேலை: காப்புப்பிரதி எடுக்கும் வட்டு, கையைத் தட்டிவிடும் வைஃபை மென்பொருள், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று யூஎஸ்பி துளையைத் தூங்கவைக்கும் விண்டோஸ் அமைப்பு. இடையகத்தைப் பெரிதாக்கினால், அந்த மிச்சம்பிடிப்பை நிறுத்தினால், ஹப்பை விட்டுக் கணினித் துளையிலேயே செருகினால், பெரும்பகுதி தீர்ந்துவிடும். எனக்கு ஹப்பை விட்டதும் தீர்ந்தது.

‘விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் எல்லாம் சரியாகும்’ என்பது பிறர் மதம். அற்றன்று. போவது எண்கள், தங்க முலாம் பாடகரின் சாரீரத்தைத் திருத்தாது. நீளம் 5 மீட்டருக்கு மிகாமல், முனை ஆடாமல் இருந்தால் போதும். ஈரப்பதம் மிகுந்த இந்தத் தீவில் 3.5 மில்லிமீட்டர் செருகி கறுத்துப்போய்க் கரகரப்பது உண்டு. சுத்தமான துணியால் துடைத்தாலே பாதி நோய் போகும். அதற்கு ஆகும் செலவைக் கேபிள் மதத்தார் ஏற்பதில்லை, குறைவாக இருக்கிறது என்பதால்.

பதினோராம் இரவு சார்ஜரைப் பிடுங்கினேன். உறுமல் நின்றது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். “நான் அன்னைக்கே சொன்னேனே” என்றார். ஆய்வரங்கில் இத்தகைய மறுமொழிகள் ஏற்கப்படுவதில்லை.

இப்போது விசிறி சுவரிலுள்ள தனி அடாப்டரில் சுழல்கிறது. பாட்டு பேட்டரியில் ஓடுகிறது. வால் கணினியிலேயே நேராகச் செருகப்பட்டிருக்கிறது. படிப்பவர்கள் கடைக்குக் கிளம்புமுன் முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு பாட்டு கேட்டுப் பாருங்கள். உறுமல் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் பிளக்கின் மேல்முனையை வெட்டுவதோ டேப் சுற்றுவதோ மட்டும் வேண்டாம். மின்சாரம் கசிந்தால் அது உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகாமல் காப்பது ஆய்தத்தின் அந்த ஒரு புள்ளிதான்.