மூட்டும் மூட்டையும்

வலி மாத்திரையைக்கூட மண்டபம் கரையிலிருந்து இலங்கைக்குக் கடத்துகிறார்களே, அங்கே அத்தனை பேருக்கும் மூட்டுவலியா? (பாம்பன் வாசகர்)

வலி மூட்டில் இல்லை, மூட்டையில் இருக்கிறது. நரம்பு வலிக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் தரப்படும் பிரிகாபலின் என்னும் மருந்து, அக்கரையில் போதைக்காக விலைபோவதால், பீடி இலை, மஞ்சள் மூட்டைகளைப் போலவே வேதாளை, மண்டபம் பக்கத்துப் படகுகளில் ஏறப் பார்த்து அவ்வப்போது பிடிபட்டும் வருகிறது.

புற்றுநோயாளியின் மார்ஃபின் மாத்திரை வீட்டிலேயே திருடுபோனால், மருத்துவர் மறுபடியும் எழுதித் தருவாரா, சந்தேகப்படுவாரா? (ராமநாதபுரம் வாசகர்)

இரண்டும் அவர் கடமை. அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. 2014இல் வந்த திருத்தம் அதனை அத்தியாவசியப் போதை மருந்து என வகைப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வழியே நோயாளிக்குக் கிடைப்பதை எளிதாக்கியதே தவிர, கணக்கு வழக்கிலிருந்து விடுவிக்கவில்லை. ஆகவே காவல் நிலையத்தில் புகார் அளித்து, சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ஏற்பு ரசீதைப் பெற்று, எஞ்சிய மாத்திரை அட்டையோடு அன்றே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தொடர்ந்து உட்கொண்டவர் திடீரென்று நிறுத்த நேர்ந்தால், வலியோடு வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

திருடனுக்கும் வலி இருக்காதா? (தங்கச்சிமடம் வாசகர்)

இருந்தால், அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்க அவனைத் தடுத்தவர் யார்? நோயாளியின் உடல் பழகிய மார்ஃபின் அளவு, பழகாத உடலில் மூச்சையே நிறுத்திவிடக்கூடும் என்பதால், புகாரில் மாத்திரையின் மில்லிகிராம் அளவையும் குறிப்பிடுவது திருடனுக்கே செய்யும் உபகாரம்.