கோடி கொடுத்தால் கோப்பை வருமா?

கேள்வி: தமிழ் தலைவாஸ் கபடி அணி ஏன் இப்படித் தடுமாறுகிறது? இன்னும் பெரிய நட்சத்திரங்களை வாங்கினால் என்ன?
– ஒரு வாசகர், குற்றாலம்

பதில்: குற்றாலத்துக்காரர் கேட்கலாமா இதை? ஒரு நாள் மழைக்கு வரும் வெள்ளம் மறுநாளே வடிந்துவிடும். மலை ஊறினால்தான் சீசன் முழுக்க அருவி விழும். அணியும் அப்படித்தான்.

2017இல் கபடி லீகில் களமிறங்கிய தலைவாஸ் முதல் இரு சீசன்களிலும் தன் பிரிவில் கடைசி. 2019இல் 12 அணிகளில் 12ஆவது. இதற்கிடையே பயிற்சியாளர்கள் வேறு மாறிக்கொண்டே இருந்தார்கள். 2022இல் 2.26 கோடி ரூபாய்க்கு ரெய்டர் பவன் ஷெராவத்தை ஏலத்தில் எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம். கதை முடிந்தது என்றார்கள். அந்த ஆண்டுதான் அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது! சீசன் நடுவே பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் அஷன் குமார். புதுமுகம் நரேந்தர் மட்டும் 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார்.

கபடியில் தற்காப்பு என்பது கூட்டு வேலை. ஓரத்தில் நிற்கும் கார்னர்காரர் ரெய்டரின் கணுக்காலைப் பிடித்த அடுத்த நொடி, பக்கத்தில் நிற்கும் கவர்காரர் மேலே பாய வேண்டும். அரை நொடி பிந்தினால் ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். இந்தக் கண்ஜாடை ஏலத்தில் கிடைக்காது. அதே ஏழு பேர் மாதக்கணக்கில் சேர்ந்து புரண்டால்தான் வரும். பெரிய ஆட்டக்காரரும் புதுப் பையனும் ஒரே நேரத்துக்குப் பயிற்சி மைதானத்தில் நிற்க வேண்டும். அதில் சலுகை கூடவே கூடாது.

தலைவாஸ் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: பயிற்சியாளருக்கு மூன்று ஆண்டாவது அவகாசம் கொடுங்கள். தென்காசிப் பக்கத்து ஊர்களில் நடக்கும் இரவுக் கபடிப் போட்டிகளுக்கும் ஆள் அனுப்புங்கள்.